கடை கவுண்டரில் விற்கிற அடையாளம்

'இணையத்தில் நாம் யார் என்பதற்கான பொறுப்பைச் செல்பேசி நிறுவனங்களிடமே விட்டுவிடலாம்' என்று எழுதி வாதாடுகிறார் நண்பர் ஒருவர். ஆதாரைச் சரிபார்த்துத்தானே சிம் தருகிறார்கள், அரசு உரிமம் பெற்றவர்கள்தானே, போன் தொலைந்தால் தெருமுனைக் கடையிலேயே அதே எண்ணை வாங்கிவிடலாமே என்று காரணங்களை அடுக்குகிறார். மூன்றும் தவறு. மூன்றாவது ஆபத்தும்கூட.

2017-இல் சிம்மோடு ஆதாரை இணைக்கச் சொல்லி எல்லோரையும் விரட்டினார்கள். அப்படிப் போய் விரல்ரேகை வைத்த பலருக்கு, அவர்கள் கேட்காமலேயே ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கப்பட்டது. ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் மானியம் போகும். ஆகவே கேஸ் மானியம் அந்தப் புதுக் கணக்கில் போய் விழுந்தது. பழைய வங்கியின் பாஸ்புக்கோடு நின்றவர்களுக்குப் பணம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம், ஆதார் வழியாக அடையாளம் சரிபார்க்க ஏர்டெலுக்குத் தந்திருந்த இ-கேஒய்சி அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆதாரும் உரிமமும் இருந்தபோதுதான் இவ்வளவும் நடந்தது. நண்பர் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தெரியாமல் விட்டிருந்தால் இந்த விஷயத்தில் அவர் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கக் கூடாது. தெரிந்தே விட்டிருந்தால் அது வாசகரை ஏய்ப்பது.

தெருமுனைக் கடைக்கு வருவோம். மாற்று சிம் உங்களுக்கு அத்தனை சுலபமாகக் கிடைக்குமென்றால், உங்கள் பெயரில் போலி ஆவணத்தோடு வருகிறவனுக்கும் கிடைக்கும். அவன் சிம் வேலை செய்யத் தொடங்கியதும் உங்கள் போனில் சிக்னல் போய்விடும். டவர் கோளாறு என்று நினைத்து நீங்கள் போனை அணைத்து அணைத்துப் போடுவீர்கள். அதற்குள் ஓடிபி அவன் கையில். முதலில் மின்னஞ்சல் போகும், அடுத்து வங்கிக் கணக்கு. 2019-இல் ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியின் கணக்கையே அவருடைய செல்பேசி எண்ணைக் கைப்பற்றித்தான் பறித்தார்கள். இதைத் தடுக்கத்தான், சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் வரவும் கூடாது என்று நம் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் உத்தரவிட்டது. புது சிம் சரியான ஆளிடம்தான் போயிருக்கிறதா என்ற சந்தேகம் அரசுக்கே இருக்கிறது. நண்பருக்கு மட்டும் இல்லை.

அந்த எண்ணும் நம்முடையதல்ல. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பு துண்டிக்கப்பட்டால், 90 நாளுக்குப் பிறகு அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஊரில் தனியாக இருக்கும் அம்மா ரீசார்ஜை மறந்தால், அவர் பெயரில் வரும் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போக வேண்டுமா?

'அப்படியென்றால் கூகுளை நம்பச் சொல்கிறீர்களா?' என்று நண்பர் மடக்கப் பார்க்கிறார். ஏதாவது ஒரு முதலாளியிடம் கொடுத்தே தீரவேண்டும் என்று யார் சொன்னது? போனுக்குள்ளேயே குறியீட்டை உருவாக்கும் செயலிகள் இருக்கின்றன. யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி இருக்கிறது. அதற்கு எந்தக் கடையிலும் நகல் கிடைக்காது.

உங்கள் மின்னஞ்சலில் எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பு இருந்தால் இன்றே அதை மாற்றுங்கள். உங்கள் வங்கியிடமும் மாற்றுவழி கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.