தலைப்பிரசவச் செலவு யார் கடமை?

மனைவி கருவுற்ற செய்தி கேட்டதும் கணவன் அல்லாஹ்வைப் புகழ்கிறான், பெயர் தேடுகிறான், தொட்டிலுக்கு விலை விசாரிக்கிறான். ஏழாம் மாதம் பிறந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 'தலைப்பிரசவம் பெண்வீட்டார் பொறுப்பு' என்று ஒதுங்கிக்கொள்கிறான். நம் ஊர்கள் பலவற்றில் இவ்வழக்கம் மார்க்கக் கடமையைப் போலவே பேணப்படுகிறது.

மார்க்கமோ இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. தலாக் விடப்பட்ட பெண் கர்ப்பிணியாக இருப்பின், அவள் பிரசவிக்கும்வரை செலவு செய்வதைத் திருக்குர்ஆன் (65:6) கணவன்மீதே கடமையாக்குகிறது. பிரிந்து செல்பவளுக்கே இவ்வுரிமை என்றால், இணைந்து வாழ்பவளின் செலவை அவள் தந்தையின் தலையில் கட்டுவது எந்த நியாயம்? பாலூட்டும் தாயின் உணவும் உடையும் குழந்தையின் தந்தையைச் சார்ந்தவை என்று 2:233 வசனமும் அறிவிக்கிறது.

தாய்வீட்டு ஓய்வை நாம் குறைகூறவில்லை. அந்நாட்களில் தாயின் அரவணைப்பு அருமருந்து. ஆனால் ஸ்கேன், சிசேரியன், நாற்பது நாள் பத்தியம், குழந்தைக்கு நகை எனப் பட்டியல் நீள்கிறது. திருமணக் கடனே தீராத மாமனார் மீண்டும் அடகுக்கடை ஏறுகிறார். அவருடைய கண்ணீரின்மீதா நம் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவது?

தந்தையாகப் போகும் இளைஞர்களே! நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கையில் குடும்பத்தாரின் பணிகளில் உதவினார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) வாயிலாக அறிந்த நாம், மனைவியின் சுமையைப் பகிர வேண்டாமா? முதல் மாதத்திலிருந்தே பிரசவத்துக்கெனச் சேமியுங்கள். பரிசோதனைக்கு உடன் செல்லுங்கள். மருத்துவமனைக் கட்டணத்தை உங்கள் கையாலேயே செலுத்துங்கள். ஹலாலான உங்கள் உழைப்பில் பிள்ளை பிறக்கட்டும். அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக!