கம்பியின் கடைசிக் குடிசை

தூத்துக்குடிக் கரையில் நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கித் தூரத்து ஊர்களுக்கெல்லாம் அனுப்புகின்றோம். ஆனால் அதே கரையில் கம்பியின் கடைசியிலிருக்கும் உப்பளத்து மோட்டார் திணறுவதும், மீனவர் குடிசை விளக்கு அழுது வடிவதும் ஏன் என்று கேட்டால், "கடைக்கோடி என்றால் அப்படித்தான்" என்று பதில் வருகின்றது. இது தலையெழுத்துக்கு மற்றொரு பெயரேயல்லாமல் வேறென்ன என்று கேட்கின்றோம்.

உண்மைக் காரணம் என்ன? கம்பியின் தடையினால் மின்சக்தியில் ஒரு பங்கு சூடாக மாறி வீணாகின்றது. கரண்ட் இரு மடங்கானால் நஷ்டம் நான்கு மடங்கு. ஆனால் வோல்டேஜ் என்னும் அழுத்தத்தைப் பத்து மடங்கு கூட்டினால், அதே சக்தியை அனுப்பப் பத்திலொரு பங்கு கரண்ட் போதும். நஷ்டமும் நூறிலொரு பங்காகிவிடும். இதில் இரகசியம் இவ்வளவுதான்.

அழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதுமே டிரான்ஸ்பார்மரின் வேலை. அதன் தத்துவத்தை 1831-இல் கண்டவர் ஒரு கொல்லர் மகனாகிய மைக்கேல் ஃபாரடே. 1882-இல் எடிசன் நியூயார்க்கில் முத்தின் பெயர் கொண்ட பெர்ல் தெருவில் வைத்த மின் நிலையம், டிரான்ஸ்பார்மர் இல்லாமல் 110 வோல்ட்டில் ஓடியபடியால், சுமார் ஒரு மைலுக்கு அப்பால் விளக்கேற்ற முடியவில்லை. 1891-இல் ஜெர்மனியில் டிரான்ஸ்பார்மரைக் கொண்டு லாஃபனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் அனுப்பியபோது ஏறக்குறைய முக்கால் பங்கு போய்ச் சேர்ந்தது.

நம் ஊரிலும் சாட்சி உண்டு. 1979-இல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் அமைத்த 210 மெகாவாட் இயந்திரங்கள் 15,750 வோல்ட்டில் உண்டாக்கும் மின்சாரத்தை 2,30,000 வோல்ட்டாக ஏற்றியே வெளியூர்க் கம்பியில் விட ஏற்பாடு செய்தார்கள். ஏற்றாமல் அதே கம்பியில் விட்டால் ஆகும் நஷ்டத்தில் இது 200-இல் ஒரு பங்குக்கும் குறைவு.

வெளியூருக்கு அனுப்பும்போது தெரிகின்ற இந்தக் கணக்கு, குடிசைக்கு வரும்போது மறந்து போவானேன்? 415 வோல்ட் கம்பியை ஊர்க் கடைசி வரை இழுத்துக்கொண்டே போனால் நஷ்டமும் கூடவே போகும். அழுத்தம் குறைந்தால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துக் கருகும். அந்தச் செலவும் ஏழை தலையிலேயே விழும். அதே சக்தியை அதே பருமனுள்ள கம்பியில் 11,000 வோல்ட்டில் குடியிருப்பு அருகே கொண்டுவந்து, அங்கே சிறு டிரான்ஸ்பார்மரால் இறக்கினால், அந்தத் தூரத்தில் நஷ்டம் சுமார் 700-இல் ஒரு பங்காகும். டிரான்ஸ்பார்மரும் சும்மா நிற்கும்போதுகூடச் சிறிது சக்தியைத் தின்னும் என்பது மெய். ஆகவே தேவைக்குத் தக்க அளவில் வைக்க வேண்டும்.

ஆயுத பூஜையன்று டிரான்ஸ்பார்மருக்குப் பொட்டிட்டு எலுமிச்சம்பழம் நசுக்குவதால் ஒரு வோல்ட்டும் ஏறாது. உப்பளத் தோழர்களும் கடற்கரைத் தோழர்களும் கும்பிடுவதை விட்டுக் கணக்குக் கேட்கட்டும்: எங்கள் குடிசைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் எவ்வளவு தூரம்? அதைக் குறைப்பது எப்போது?