நாம் தட்டச்சு செய்வதை யார் படிக்கிறார்கள்?

தோழர்கள் கூடும் இடங்களில் வாட்ஸ்அப்பா சிக்னலா என்ற விவாதம் அடிக்கடி நடக்கிறது. எது பாதுகாப்பானது, எந்தக் குழுவை எங்கே மாற்றுவது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் அந்தச் செய்தியை எந்தக் கீபோர்டில் தட்டச்சு செய்கிறோம் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சிக்னலின் மறையாக்கம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், செய்தி போனை விட்டுக் கிளம்பும்போதுதான் அது வேலை செய்யும். அதற்கு முன்பே ஒவ்வொரு எழுத்தையும் கீபோர்டு பார்த்துவிடுகிறது. காதலருக்கு எழுதுவது, வங்கிக் கடவுச்சொல், வழக்கறிஞருக்கு அனுப்பும் புகார், எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்த வரி எல்லாமே அதன் வழியாகத்தான் போகின்றன.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. புதிய கீபோர்டு ஒன்றை இயக்கும்போது, கடவுச்சொல், கடன் அட்டை எண் உட்பட நீங்கள் தட்டச்சு செய்யும் அனைத்தையும் இது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்கிறவர்கள் குறைவு. 2017 டிசம்பரில் ஏஐ.டைப் என்ற கீபோர்டு நிறுவனத்தின் தரவுக் கிடங்கு கடவுச்சொல் பூட்டுகூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. 3.1 கோடிப் பேரின் விவரங்கள் அதில் இருந்தன. பெயர், மின்னஞ்சல், இருப்பிடத்தோடு அவர்களது போனில் சேமித்திருந்த பிறருடைய தொடர்பு எண்களும் இருந்தன. அந்தக் கீபோர்டை ஒருநாளும் தொடாதவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

2024-இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் ஒன்பது நிறுவனங்களின் சீன மொழிக் கீபோர்டுகளைச் சோதித்தார்கள். எட்டு நிறுவனங்களின் செயலிகளில், தட்டச்சு செய்வதை வழியிலேயே இடைமறித்துப் படிக்கக்கூடிய ஓட்டைகள் இருந்தன. அடுத்த சொல்லைக் கணிப்பதற்காக அந்தக் கீபோர்டுகள் எழுத்துகளை இணையம் வழியாகச் சர்வருக்கு அனுப்பின. ஓட்டை அந்தப் பாதையில்தான் இருந்தது. எழுத்து போனை விட்டு வெளியே போகாமல் இருந்திருந்தால் இடைமறிக்க எதுவுமே இருந்திருக்காது.

'மறைக்க என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்பார்கள். மறைக்க எதுவும் இல்லாமல் வாழ்வது இந்தச் சமூகத்தில் ஒரு சலுகை. 'எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு, வீட்டுல கறி சமைப்பீங்களா' என்று வீட்டு உரிமையாளர் கேட்பது அக்கறையால் அல்ல. அது உளவு. சாதி என்பதே ஒரு கண்காணிப்பு முறை. யார் யாரோடு பேசுகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், யாரைக் காதலிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்க முடியும்.

1917-இல் அமெரிக்காவிலும் இலண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்குப் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் கம்புகளோடு வந்து நின்றது ஒரு கூட்டம். அன்று மாலைக்குள் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. தன்னைப் பற்றிய ஒரு தகவல் யார் கையில் இருக்கிறது என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தரங்கம் யாருக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல.

ஆகவே கீபோர்டைத் தேர்ந்தெடுக்கும் முன் யாரிடமிருந்து காத்துக்கொள்ள விரும்புகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் கண் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாதி மறுத்துக் காதலிக்கும் பெண்ணின் போனை அண்ணன் பிடுங்கிப் பார்ப்பது நம் ஊரில் புதிதல்ல. அவள் செய்திகளை அழித்திருப்பாள், அழைப்புப் பட்டியலையும் அழித்திருப்பாள். ஆனால் அவள் அடிக்கடி எழுதும் பெயரைக் கீபோர்டு கற்று வைத்திருக்கும். முதல் எழுத்தைத் தொட்டதும் அந்தப் பெயர் மேலே வந்து நிற்கும். 2016-இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்ட மாநிலம் இது. இங்கே அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

இதற்குப் புதிய செயலிகூடத் தேவையில்லை. கூகுளின் ஜிபோர்டு அமைப்புகளில் கற்ற சொற்களை அழிக்கும் வசதி இருக்கிறது. தனிப்பயன் பரிந்துரைகளை நிறுத்தி வைக்கலாம். சிக்னலின் அமைப்புகளில் மறைநிலைக் கீபோர்டு என்று ஒரு தெரிவு உண்டு. எழுதுவதைக் கற்றுக்கொள்ளாதே என்று அது கீபோர்டைக் கேட்டுக்கொள்கிறது. ஆனால் அது வேண்டுகோள்தான், கட்டளை அல்ல. கேட்பதும் கேட்காததும் கீபோர்டின் விருப்பம். நாம் நகலெடுக்கும் ஆதார் எண்ணும் ஓடிபியும் கிளிப்போர்டில் தங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது கண் நிறுவனங்களுடையது. இங்கே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தச் செயலிக்கு இணைய அனுமதி இருக்கிறதா? கேமராவுக்கும் மைக்குக்கும் நம்மிடம் கேட்கும் ஆண்ட்ராய்டு, இணையத்துக்குக் கேட்பதில்லை, தானே கொடுத்துவிடுகிறது. பிளே ஸ்டோரில் செயலியின் விவரப் பக்கத்தில் அனுமதிகள் பட்டியலைத் திறந்தால் தெரியும். வண்ண வண்ணத் தீம்களும் ஸ்டிக்கர்களும் விளம்பரங்களுமாக வரும் இலவசக் கீபோர்டுகளை நான் தொடுவதே இல்லை.

நான் பயன்படுத்துவது ஹெலிபோர்டு. மூல நிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்திருக்கிறது, விளம்பரம் இல்லை, இணைய அனுமதியே இல்லை. எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற மென்பொருள் அங்காடியில் கிடைக்கிறது. தமிழும் உண்டு. ஐபோன் வைத்திருக்கும் தோழர்களுக்கு வேலை இன்னும் எளிது. தமிழ்99, அஞ்சல் இரண்டும் அதில் உள்ளமைந்தே வருகின்றன. வேறு கீபோர்டு நிறுவினால் 'முழு அணுகல்' என்பதை மட்டும் கொடுக்காதீர்கள்.

இதில் இழப்பும் உண்டு. சொற்கணிப்பு கூகுள் அளவுக்குக் கூர்மையாக இருக்காது. 'அம்மா' என்று ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக்கும் வசதியும் ஹெலிபோர்டில் கிடையாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 போன்ற தமிழ் விசை அமைப்பு ஒன்றைப் பழகிக்கொள்வது நல்லது. சில நாள் விரல் தடுமாறும், பிறகு பழகிவிடும். குரல்வழித் தட்டச்சுதான் பெரிய சிக்கல். எழுதப் படிக்கத் தெரியாத நம் பெற்றோருக்கு அந்த மைக் பொத்தான்தான் எழுதுகோல். ஹெலிபோர்டில் அதை அழுத்தினாலும் வேலை செய்வது போனில் உள்ள வேறொரு குரல் செயலிதான், பெரும்பாலும் கூகுளுடையது. அவர்களிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டு அந்தரங்கம் பேசுவது நேர்மையல்ல. எதை மைக்கில் சொல்லலாம், எதை நேரில்தான் பேச வேண்டும் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுவோம்.

மூன்றாவது கண் அரசினுடையது. 2021-இல் பெகாசஸ் செய்திகள் வெளியானபோது, இலக்காகக்கூடியவர்களின் பட்டியலில் ஆனந்த் டெல்டும்டேயின் எண்ணும் இருந்ததைப் படித்தோம். அத்தகைய உளவு மென்பொருளைக் கீபோர்டை மாற்றித் தடுக்க முடியாது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடமே கொடுத்திருக்கிறது. அங்கே தேவைப்படுவது அரசியல் போராட்டம்; செயலி அதற்கு மாற்றாகாது.

ஆனால் முதல் இரண்டு கண்களை மூடுவது இன்றைக்கே நம் கையில் இருக்கிறது. ஒருவர் மட்டும் மாற்றினால் போதாது, மறுமுனையில் இருப்பவரின் கீபோர்டும் நம் உரையாடலின் பாதியைப் படிக்கிறது. அடுத்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லோரும் போனை எடுத்து, கீபோர்டின் பெயர் என்ன, அதற்கு இணைய அனுமதி உண்டா, என்னென்ன சொற்களைக் கற்று வைத்திருக்கிறது என்று பாருங்கள். நிரல் எழுதத் தெரிந்த தோழர்கள் கட்டற்ற கீபோர்டுகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலைச் செழுமைப்படுத்தலாம். நம் தெருக்களில் புழங்கும் சொற்களும் அதில் ஏறட்டும்.