கேம்பர் டிரக்: எடை மேடை ஏறாமல் கிளம்பாதீர்கள்!

பிக்-அப் டிரக்கின் பின்தொட்டியில் ஒரு சின்ன வீட்டையே தூக்கி உட்காரவைத்துவிட்டு ஊர் சுற்றுவது அமெரிக்காவில் பழைய பழக்கம். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். இதைத்தான் டிரக் கேம்பர் என்கிறார்கள். அங்கே வேலைக்குப் போன நம்மூர்க் குடும்பங்களும் கோடை விடுமுறையில் இப்படிக் கிளம்புவதுண்டு. எங்கே தங்குவது, என்ன சமைப்பது என்று வாரக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். ஆனால் வண்டியின் மொத்த எடை எவ்வளவு என்று கேட்டால், “அதெல்லாம் தாங்கும்ங்க” என்பதுதான் பலரின் பதில்.

தாங்குமா, தாங்காதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எடை மேடைதான் சொல்லும். கேம்பரை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் எடைச் சீட்டு இல்லாமல் சாவியைக் கையில் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

வண்டியிலேயே எழுதியிருக்கிறதே?

எழுதியிருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். ஓட்டுபவரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

இந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் போன்ற வண்டிகளில் டயரின் மேல்பட்டை உரிந்து, வண்டி உருண்டு, 200-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். டயர் தயாரிப்பில் இருந்த குறை, காற்றழுத்தம், சூடு, சுமை எல்லாமே விவாதத்துக்கு வந்தன. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ‘ட்ரெட்’ சட்டத்தைக் கொண்டுவந்தது. டயர், சுமை பற்றிய தகவலை வாங்குபவர் கண்ணில் படும்படி ஒட்டும் விதிகள் அதன்பிறகே இறுகின.

அப்புறம் எங்கே இடிக்கிறது?

கூட்டல் கணக்கில். ஓர் உதாரணம் பார்ப்போம். டிரக்கின் மொத்த எடை வரம்பு 4,500 கிலோ. டீசல் நிரப்பிய வெறும் வண்டி 3,150 கிலோ. மீதி 1,350 கிலோ. கேம்பரின் விளம்பரத் தாளில் 950 கிலோ என்று போட்டிருக்கிறது. “அட, இன்னும் 400 கிலோ இருக்கே” என்று தோன்றும்.

இப்போது ஏற்றிப் பாருங்கள். நான்கு பேர் 280 கிலோ. தண்ணீர் 150 லிட்டர் என்றால் 150 கிலோ. இரண்டு கேஸ் சிலிண்டர் 35. கூடுதல் பேட்டரி, வெயில் மறைப்பு 60. துணி, பாத்திரம், அரிசி பருப்பு, பிள்ளைகளின் சைக்கிள் 120. கேம்பரோடு சேர்த்தால் 1,595 கிலோ. வரம்பைவிட 245 கிலோ அதிகம்! இத்தனைக்கும் ஆடம்பரமாக எதையுமே ஏற்றவில்லை. விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் காலி கேம்பரின் எடை. காலியாக யாரும் ஊருக்குப் போவதில்லை.

எப்படி எடை போடுவது?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் இடங்களில் ‘கேட் ஸ்கேல்’ எடை மேடைகள் இருக்கின்றன. 1977-இல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு இன்று 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மேடைகள் உண்டு. கட்டணம் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுதான். லாரிக்காரர்களுக்கு மட்டும் என்று தயங்க வேண்டாம். சொந்த வண்டி என்று சொன்னால் போதும்.

முன்சக்கரம் முதல் பலகையிலும் பின்சக்கரம் அடுத்த பலகையிலும் நிற்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பேசினால் எடை எடுத்துவிடுவார்கள். முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் மூன்றும் தனித்தனியாகச் சீட்டில் வரும். ஒரே பலகை உள்ள மேடையானால் முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒருமுறை, முழு வண்டியை ஏற்றி ஒருமுறை. கழித்தால் பின் அச்சின் எடை கிடைத்துவிடும்.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். கிளம்பும் நாளில் எப்படி இருக்குமோ அப்படியே எடை போட வேண்டும். தண்ணீர், டீசல், கேஸ் நிரப்பி, எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மொத்தம் சரியாக இருந்தால் போதாதா?

போதாது. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு அதன் தனி வரம்பைத் தாண்டியிருக்கலாம். கேம்பரின் பாரம் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேல்தான் விழும். பாரத்தின் மையம் பின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஸ்டியரிங் பிடிப்பு குறையும். அதனால்தான் கேம்பரிலும் டிரக் கையேட்டிலும் பார மையம் பற்றிய தகவல் தர வேண்டும் என்று அமெரிக்க விதியே சொல்கிறது.

“பத்து வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகலையே?”

இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. வரம்பைத் தாண்டிய அன்றே எதுவும் உடைந்துவிடாது. உற்பத்தியாளர் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வரம்பு போடுகிறார். ஆனால் அந்த இடம் மோசமான நாளுக்கானது. கொளுத்தும் வெயில், காற்று குறைந்த டயர், நீண்ட மலை இறக்கம் மூன்றும் ஒன்றாக வரும் நாள் அது. எடை 10 சதவீதம் கூடினால், அதே வேகத்திலிருந்து நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சூடும் 10 சதவீதம் கூடும். என்ஜின் சுலபமாக இழுக்கிறது என்பதால் பிரேக்கும் தாங்கும் என்று அர்த்தமில்லை. ஸ்பிரிங் கூட்டினால், ஏர்பேக் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். அச்சின் வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

நமக்கு இதில் என்ன?

நம்மூரில் எடை மேடை என்றால் நெல் லாரி, கரும்பு லாரி, இல்லையென்றால் அபராதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் தண்டம். தண்டத்துக்குப் பயந்து எடை பார்ப்பதைவிட, வீட்டார் உயிருக்காகப் பார்ப்பது மேல் இல்லையா? கூரையில் மூட்டை கட்டி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் சுற்றுலா வேனுக்கும் இதே கணக்குதான். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை வரம்பு இருக்கிறது. ஊருக்கு வெளியே எடை மேடையும் இருக்கிறது.

சீட்டில் வரும் எண் அதிகமாக இருந்தால் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. தண்ணீரைப் பாதியாக்கி, போகும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். சைக்கிளை விட்டுப் போகலாம். கனமான பெட்டியை முன்னுக்குத் தள்ளலாம். அப்படியும் இறங்கவில்லையென்றால், கேம்பர் அந்த டிரக்குக்குப் பொருத்தமில்லை என்று அர்த்தம். அது வாங்கிய பிறகு அல்ல, வாங்கும் முன்பே தெரிய வேண்டிய விஷயம். விற்பவரிடம் எடைச் சீட்டைக் கேளுங்கள். தர மறுத்தால், வேறு கடை பாருங்கள்.