மாத்திரை இனிப்பும் சுரங்கத் தொழிலாளியின் சோறும்

கலோரி ஏறக்குறைய இல்லாமலேயே சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிக்கும் வேதிப்பொருள்களே செயற்கை இனிப்பூட்டிகள். அவற்றுள் மூத்ததான சாக்கரின், 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க்கின் கையில் தற்செயலாக அகப்பட்டது. பழுப்பு நிலக்கரி வெட்டியெடுக்கப்படும் நெய்வேலியோ, கரும்பு விளையும் கடலூர் மாவட்டத்தில், 1842இலேயே சர்க்கரை ஆலை கண்ட நெல்லிக்குப்பத்துக்கும் பலாவுக்குப் பேர்போன பண்ருட்டிக்கும் பக்கத்தில் இருக்கிறது. இனிப்புக்குக் குறைவில்லாத இவ்வட்டாரத்தில் மாத்திரை இனிப்புக்குத் தேவை எழுந்ததற்குக் காரணம் நீரிழிவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் என்றும், கடலூரை ஒட்டிய புதுச்சேரியில் 26.3 சதவீதம் என்றும் அது கணக்கிட்டது.

இந்த மாத்திரைகளால் நீரிழிவு கட்டுப்படுமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வி. மோகன் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 179 பேரில் ஒரு சாரார் காபி, டீயில் வழக்கமான சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்துக்கொண்டனர். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, அவர்களது உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் சற்றே குறைந்திருந்தாலும், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. சுக்ரலோஸால் கெடுதல் நேரவில்லை என்ற பாதியையே பலர் பிடித்துக்கொண்டனர். நோய் மட்டுப்படவில்லை என்ற மறுபாதியே அதிகக் கவனத்துக்குரியது.

அதற்கான காரணம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட ஒரு டீயில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை சேர, ஒரு வேளைக்குச் சாப்பிடும் 400 கிராம் சோற்றிலோ 110 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. மூன்று ஷிப்டுகளாக ஓயாமல் ஓடும் நெய்வேலிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் இந்தக் கணக்கு இன்னும் பாதகமாகிறது. ஏனெனில் உடலின் இயற்கையான நேரச் சுழற்சிப்படி இரவில் இன்சுலினின் செயல்திறன் குறைவதால், பகலில் தாங்கிக்கொள்ளும் அதே சோறு, நள்ளிரவில் டிபன் கேரியரைத் திறந்து சாப்பிடப்படும்போது இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. அந்தச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, தூக்கத்தைத் தள்ளிப்போடக் குடிக்கும் டீயில் மட்டும் மாத்திரை போடுவது நோயாளிக்குப் பொய்யான நிம்மதியையே தருகிறது.

நச்சுத்தன்மை பற்றிய அச்சம், உண்மை அபாயத்தைவிடப் பெரிதாக்கப்பட்டிருக்கிறது. 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் சேர்த்தது உண்மையே. ஆனால் அது குறைந்த அளவு சான்றையே ஆதாரமாகக் கொண்ட பிரிவு. அதே வேளையில் உணவுச் சேர்க்கைகளுக்கான வல்லுநர் குழு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,400 மில்லிகிராம் என்றால், 20 மில்லிகிராம் மாத்திரைகளில் 120 ஆகும். கவலைப்பட வேண்டியது வேறு. 120 ஆரோக்கியமானவர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், சாக்கரினும் சுக்ரலோஸும் குடல் நுண்ணுயிர்களை மாற்றியதோடு, சர்க்கரையைக் கையாளும் உடலின் திறனையும் பாதித்தன. அந்தப் பாதிப்பு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்பதால், சர்க்கரையை ஒரேயடியாக விட முடியாத நோயாளிக்கு மாத்திரை ஓர் ஊன்றுகோலாக இருக்கலாம். நோயில்லாதவர் அதைக் காப்பாகக் கருதுவதற்கு ஆதாரமில்லை. செயற்கை இனிப்பூட்டி கலந்த உணவுப் பொட்டலத்தில், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற எச்சரிக்கையை இந்தியச் சட்டமே கேட்கிறது. அப்படியிருக்க, ‘சுகர் ஃப்ரீ’ என்ற பெயரை நம்பி வீட்டிலுள்ள எல்லோருக்கும் அதை வாங்குவது தவறு.

மாத்திரையைவிடச் சோற்றுத் தட்டைக் கவனிக்கும் வாய்ப்பு சுரங்கத்திலேயே இருக்கிறது. சுரங்க விதிகளின்படி தொழிலாளர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும். நுரையீரலுக்கு எக்ஸ்ரே எடுக்கும் அந்த நாளிலேயே ஹெச்பிஏ1சி அளவையும் பார்த்து, இரவு ஷிப்டில் எதை, எத்தனை மணிக்கு, எவ்வளவு உண்கிறார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டறிவதும், இரவுநேரக் கேன்டீனில் சோற்றின் அளவைக் குறைத்துச் சுண்டலையும் காய்கறியையும் கூட்டிப் பரிமாறுவதும் நிர்வாகங்களுக்குப் பெரிய செலவில்லை.