எந்தக் கோர்ட் என்னும் வழக்கு

நிதி நிறுவனத்தில் போட்ட பணத்தை இழந்து நியாயம் கேட்கச் செல்லும் சாமானியனுக்கு முதலில் நேருவது பணத்தைப் பற்றிய விசாரணையன்று. இந்த ஊர்க் கோர்ட்டுக்குத் தன்னை விசாரிக்க அதிகாரம் இல்லையென்று பிரதிவாதி கிளப்பும் ஆட்சேபமே முதலில் வழி மறிக்கிறது. அதன்மேல் ஓர் உத்தரவு. உத்தரவின்மேல் அப்பீல் அல்லது ரிவிஷன். பிறகு சுப்ரீம் கோர்ட். கிரிவலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடந்து புறப்பட்ட இடத்தையே அடைந்தாலும் புண்ணியம் உண்டு. இப்படிச் சுற்றும் வாதிக்கு மிஞ்சுவது செலவும் வயோதிகமுமே.

நமது ஜில்லாவுக்கு இது ஏட்டளவு விஷயமன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆரணியிலும் கிளை வைத்திருந்த ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022இல் போலீஸார் வழக்குப் பதிந்தனர். சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதென்பது அவர்கள் கூற்று. குற்றம் உண்டா என்பதைக் கோர்ட்டே தீர்மானிக்க வேண்டும். ஆனால் தலைமைக் காரியாலயம் ஓரிடத்திலும், பணம் வாங்கிய கிளை வேறிடத்திலும் இருந்தால், சிவில் வழக்கை எங்கே தொடுப்பது?

சட்டம் ஊமையன்று. வழக்குக்குக் காரணமான சம்பவம் நிகழ்ந்த ஊரில் வழக்குத் தொடரலாமென்று 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு கூறுகிறது. போடிநாயக்கனூர்க் கிளையில் ஏலக்காய் மூட்டைகளை ஒப்படைத்த வியாபாரியிடம், பம்பாய்க் கோர்ட்டுக்கே அதிகாரமென்று ரசீதைக் காட்டி வாதாடியது பட்டேல் ரோட்வேஸ் கம்பெனி. கிளையுள்ள ஊரில் காரணம் பிறந்தால் அவ்வூர்க் கோர்ட்டுக்கே அதிகாரமென்று 1991இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு நல்லதே, அதற்காகும் காலமே கொடிது. சேலத்து ஏ.பி. ஏஜென்ஸீஸ் குஜராத் கம்பெனி ஒன்றின் மீது 1975இல் தொடுத்த வழக்கைச் சேலத்தில் விசாரிக்கலாமென்று முடிவாக 1989 ஆயிற்று. இடத்தைத் தீர்மானிக்கவே 14 வருஷங்கள்!

அதிகார ஆட்சேபம் கூடாதென்று நாம் சொல்லவில்லை. சம்பந்தமற்ற ஊருக்கு ஒருவனை இழுத்து அலைக்கழிப்பதும் அநியாயமே. ஆனால் கேடயமாக அளித்த உரிமை தப்பியோடும் கொல்லைப்புற வாயிலாகக் கூடாது. இட ஆட்சேபத்தை ஆரம்பத்திலேயே எழுப்ப வேண்டும், நியாயம் கெட்டாலன்றி அப்பீலில் அதை ஏற்கலாகாது என்கிறது 21ஆவது பிரிவு. ஹைகோர்ட் தடை விதித்தாலன்றி ரிவிஷனால் மட்டும் விசாரணை நிற்காதென்கிறது 115ஆவது பிரிவு.

ஆகவே நோயின் வேர் தடையுத்தரவில் இருக்கிறது. ஆறு மாதத்தில் தடை தானே ஒழியுமென்று 2018இல் வகுத்த விதியை 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே நீக்கிவிட்டது. இனித் தடை தானாக நீங்காது. தடை கொடுக்கும் நீதிபதியே அதன் ஆயுளுக்குப் பொறுப்பாளி. முதலீட்டு மோசடி வழக்குகளில் அதிகாரப் பிரச்னை பற்றித் தடை தருவதாயின், முடிவு சொல்லும் தேதியையும் அவ்வுத்தரவிலேயே குறிக்க வேண்டுமென்று ஹைகோர்ட்டை வற்புறுத்துகிறோம். காலங்கடத்தவே ரிவிஷன் கேட்டு வரும் கட்சிக்காரனை நம் வக்கீல் நண்பர்கள் திருப்பியனுப்ப வேண்டும். பணம் போடுவோரும் கிளையின் பெயரும் முத்திரையுமுள்ள ரசீதின்றி ஒரு காசும் கொடுக்கலாகாது.

ஏழையின் சேமிப்பு போன பிறகு அவனது ஆயுளையும் கோர்ட் வாசலிலேயே செலவழிக்கச் செய்வது நீதியாகாது.