வாசல் ஒன்று, வயிறு ஒன்றா?

வேலைநீக்க வழக்கில் தோற்ற முதலாளி, டில்லி உச்சநீதிமன்றத்தின் வாசலில் நின்று, "மேல் முறையீடு செய்ய அனுமதி தருக" என்று மனுப் போடுகிறார். அரசியல் சட்டத்தின் 136-வது பிரிவு திறந்து வைத்துள்ள வாசல் அது. "தொழிலாளிக்கும் அதே வாசல்தானே!" என்பர். ஆம், வாசல் ஒன்றுதான். காத்திருக்கும் வசதி ஒன்றா? முதலாளி காத்திருந்தால் கணக்கில் ஒரு வரி கூடும். சோமனூர் விசைத்தறித் தொழிலாளி காத்திருந்தால் அடுப்பிலே பூனை உறங்கும்!

தொழிலாளர் வழக்குகளுக்கென்றே 1950-ல் மேல் முறையீட்டு டிரிப்யூனல் அமைத்தார்கள். 1956-ல் சட்டமியற்றி அதை ஒழித்தார்கள். டிரிப்யூனல் போயிற்று, இழுவை போயிற்றா? உயர்நீதிமன்றத்தில் ரிட், உச்சநீதிமன்றத்தில் தனி அனுமதி மனு என்று பாதை மட்டும் மாறியது.

இந்துஸ்தான் டின் ஒர்க்ஸ் வழக்கைப் பாருங்கள். 1974-ல் ஆட்குறைப்பு என்று தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டனர். தொழிலாளர் நீதிமன்றம் மீண்டும் வேலையும் முழுப் பின்சம்பளமும் தரச் சொன்னது. நிர்வாகம் டில்லிக்குப் போயிற்று. பின்சம்பளம் பற்றி மட்டும் வாதாட அனுமதி கிடைத்தது. 1978-ல் நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய தீர்ப்பு என்ன? முறைகேடாக நீக்கப்பட்டவனுக்கு முழுப் பின்சம்பளமே பொதுவிதி என்றது. ஆனால் அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது 75 சதவீதம். கொள்கையில் வெற்றி, கையில் முக்கால்! அதற்கும் நான்காண்டுகள்!

இந்த இழுவைக்கு மருந்தாக வந்தது 17-பி பிரிவு. 1982-ல் இயற்றி 1984-ல் அமுலுக்கு வந்தது. மீண்டும் வேலை தரும் தீர்ப்பை எதிர்த்து முதலாளி மேலே போனால், வழக்கு முடியும்வரை, கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தை அவர் தரவேண்டும். வேறிடத்தில் வேலையில்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தரவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை நிற்கிறது. ஆனால் அந்தச் சம்பளம் அன்றைய சம்பளம். அரிசியோ இன்றைய விலை!

தந்த கை பறிக்கவும் செய்தது. நீக்கப்பட்டவன் நேரே வழக்கிட முன்பு மூன்றாண்டு அவகாசம். புதிய தொகுப்பில் இரண்டே ஆண்டு. முதலில் சமரச அதிகாரியிடம் மனு. 45 நாள் கழிந்தும் முடிவில்லையேல் தீர்ப்பாயம். "முதலாளி மனம் மாறுவார்" என்று காத்திருப்பவனுக்கு உரிமை கைநழுவும்.

தறிக்கூடத்துத் தோழர்களே! நியமன உத்தரவு தருகிற பட்டறை எத்தனை? ஆகவே கூலிச் சீட்டையும், ஈ.எஸ்.ஐ. எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். நீக்கிய நாளைக் குறித்து வையுங்கள். சங்கத்துக்கு உடனே வாருங்கள்.

முதலாளி அனுமதி கேட்கட்டும், அது அவர் உரிமை. அதுவரை சம்பளம் கேட்போம், அது நம் உரிமை!